ஜீப்புல ஜெயிச்ச பாட்டு!

உங்க போனை யாராவது சட்டுனு பிடுங்கி, ‘என்ன பாட்டெல்லாம் வச்சிருக்கே?’னு பார்த்தா எப்படி இருக்கும்? மெசேஜைப் பார்த்தாக்கூட சமாளிச்சிடலாம் பாஸ். ப்ளேலிஸ்ட்டைப் பார்த்தா தொலைஞ்சோம்! ‘சே, இதெல்லாம் மனுஷன் கேட்பானா?’னு போன வாரம் கேன்டீன்ல நாம யாரை ஓட்டினோமோ, அவங்க பாட்டே அதுல வரிசையா உட்கார்ந்திருக்கும்.

எனக்கு வயசு இருபது. இதுக்குள்ள நான் கட்சி மாறின கணக்கை எடுத்தா, தேர்தல் நேரத்து அரசியல்வாதிகளே ‘தம்பி, கொஞ்சம் நிதானமா போப்பா’னு சொல்வாங்க. 2011-ல் ‘கொலவெறி’ வந்தப்ப ஒண்ணாங்கிளாஸ்; அப்ப நான் அனிருத் கட்சி. அப்புறம் ஹிப்ஹாப் தமிழா. அப்புறம் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ். அதுக்கப்புறம் மலை தாண்டி கேரளா பக்கம் போய் தைக்குடம் பிரிட்ஜ். இன்ஜினீயரிங் சேர்ந்து ஹாஸ்டல்ல பெட்டியை வச்சதும் லிங்கின் பார்க். ஒவ்வொரு தடவையும் புதுசு வந்ததும் பழசு ‘சின்னப் புள்ளையில கேட்டது’ ஆயிடும்.

இதெல்லாம் எல்லாருக்கும் நடக்குறதுதானேன்னு கேட்பீங்க. நடக்குறதுதான். ஆனா, நான் தேனி மாவட்டத்துக்காரன். எங்க பக்கம் கட்சி மாறுறது லேசுப்பட்ட விஷயம் இல்லை!

போடியிலிருந்து தேவாரம் வழியா உத்தமபாளையம் போற பஸ்ல ஏறினீங்கன்னா, வலது பக்கம் மலை கூடவே வரும். நடுவுல ஒரு ஸ்டாப்... பண்ணைப்புரம். 1943-ல் இளையராஜா பிறந்த ஊர். அவர் தம்பி கங்கை அமரனுக்கும் அதே ஊர்தான். பாரதிராஜாவுக்கு தேனி அல்லிநகரம். வைரமுத்துவுக்கு பெரியகுளம் பக்கம் வடுகபட்டி. 1980-ல் வந்த ‘நிழல்கள்’ படத்துல பாரதிராஜா டைரக்‌ஷன், இளையராஜா மியூசிக், வைரமுத்துவோட முதல் சினிமா பாட்டு. மூணு ஊரும் ஒரே பாட்டுல சேர்ந்துக்கிச்சு. அதனால எங்க பக்கம் ராஜா ரசிகன்கிறது ரேஷன் கார்டு மாதிரி. பிறந்த உடனே பேரைச் சேர்த்துடுவாங்க. நீக்கணும்னா நாமதான் விளக்கம் சொல்லணும்.

மலை ஏறிய முதல் பேண்ட்

பேண்ட்னா கிழிஞ்ச ஜீன்ஸும் எலெக்ட்ரிக் கிட்டாரும் மட்டும்தான்னு நினைச்சுடாதீங்க. எங்க பள்ளத்தாக்குல ஒரு சூப்பர் ஹிட் பேண்ட் 1950-கள்லயே கிளம்பிடுச்சு. லீட் சிங்கர், பாவலர் வரதராசன். கம்யூனிஸ்ட் கட்சிக்காரர். ஆர்மோனியமும் கையுமா ஊர் ஊரா கட்சிக் கூட்டத்துல பாடுவார். ஜனங்களுக்கு ஏற்கெனவே தெரிஞ்ச சினிமா மெட்டுல புது வரியைப் போட்டு, நாட்டு நடப்பைப் பிடிபிடினு பிடிக்கிறது அவர் ஸ்டைல். தம்பிகள் பாஸ்கர், ராசையா, அமர்சிங்னு ஒவ்வொருத்தரா சேர, ‘பாவலர் பிரதர்ஸ்’ ஆனாங்க. அந்த ராசையாதான் இளையராஜா. அமர்சிங், கங்கை அமரன்.

1957-ல் கேரளாவுல இ.எம்.எஸ். நம்பூதிரிபாடு தலைமையில கம்யூனிஸ்ட் ஆட்சி வந்துச்சு. அடுத்த வருஷமே தேவிகுளம் தொகுதியில இடைத்தேர்தல். கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ். அங்கே பார்த்த பக்கமெல்லாம் தோட்டம். தோட்டத்துல வேலை பார்க்குறவங்க பெரும்பாலும் தமிழ் ஜனங்க. அவங்ககிட்ட விஷயத்தைக் கொண்டு போகணும்னா மேடைப் பேச்சு பத்தாது, பாட்டு வேணும். பாவலர் குழு மலை ஏறுச்சு. பாடுச்சு. ரோசம்மா ஜெயிச்சாங்க! டீன் ஏஜ்ல இருந்த ராசையா, அண்ணன் குழுவோட சேர்ந்து ஊர் சுத்த ஆரம்பிச்சது அந்தக் காலகட்டத்துலதான்.

போடியிலிருந்து தேவிகுளம் போகணும்னா போடிமெட்டு, பூப்பாறை வழியா ரோடு. போடிமெட்டு ஏறுறதுக்குள்ள 17 கொண்டை ஊசி வளைவு. இன்னிக்கும் விடியறதுக்கு முன்னாடி அந்த ரோட்டுல ஜீப் ஜீப்பா ஏறும். ஏலத் தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போற பெண்கள் தூக்குவாளியும் தலையில துண்டுமா உள்ளே உட்கார்ந்திருப்பாங்க. அதுல ஒரு ஜீப்பை ஓட்டுறவர் எங்க அப்பா.

தாத்தாவும் கட்சி மாறினவர்தான்

எங்க தாத்தா, சின்னப் பையனா இருக்கும்போது பாவலர் கூட்டத்துல மண்ணுல உட்கார்ந்து பாட்டுக் கேட்டவர். அப்போ பிறவி ராஜா ரசிகரா இருப்பார்னுதானே நினைக்கிறீங்க? அதான் இல்லை. வாலிப வயசுல அவர் எம்.எஸ்.வி. – டி.எம்.எஸ். கட்சி. அவரோட தம்பி இன்னும் மோசம். 1969-ல் ‘ஆராதனா’, 1973-ல் ‘பாபி’னு இந்திப் பாட்டு தமிழ்நாட்டு டீக்கடையை எல்லாம் பிடிச்சு ஆட்டின காலம் அது. சின்னத் தாத்தா அர்த்தமே தெரியாம இந்தியில உருகிக்கிட்டு இருந்தாராம்!

1976-ல் ‘அன்னக்கிளி’ வந்துச்சு. ஊரே தலையில தூக்கி வச்சு ஆடுது, தாத்தா மட்டும் அசையலை. ‘நம்ம ராசையா பயலா? எங்க ஆத்தா நாத்து நடும்போது பாடுறதைல்ல போட்டுருக்கான்! இதுக்குத் துட்டு குடுத்து டிக்கெட் வேற எடுக்கணுமா?’ – இது தாத்தா கட்சி. அப்பத்தா விடலை. ‘வயக்காட்டுல நாங்க பாடினா ஒருத்தனும் திரும்பிப் பார்க்க மாட்டீய. இப்ப அதையே ரேடியோவுல போடுறாய்ங்க. உனக்குக் கேட்க வலிக்குதாக்கும்?’னு மூணு நாள் சண்டை. நாலாவது நாள் ரெண்டு பேரும் படத்துக்குப் போனாங்க. தாத்தா கட்சி மாறினார். அதுக்கப்புறம் சாகுற வரைக்கும் அவருக்கு ராஜாதான்!

அடுத்த ரவுண்டு எங்க அப்பாவோடது. 1992-ல் ‘ரோஜா’ வந்தப்ப அப்பாவுக்குப் பதினேழு வயசு. வீட்டுல ஒரே ஒரு டேப் ரிக்கார்டர். இப்ப இருக்குறவங்களுக்காக ஒரு சின்ன விளக்கம்: அப்பல்லாம் வெத்துக் கேசட்டு வாங்கி, பேப்பர்ல பாட்டு லிஸ்ட் எழுதி ரெக்கார்டிங் கடையில குடுக்கணும். பதிஞ்சு தருவாங்க. 60 நிமிஷக் கேசட்டுன்னா பக்கத்துக்கு 30 நிமிஷம். அதுக்குள்ள அடங்குற மாதிரி கணக்குப் போடணும். கடைசிப் பாட்டு பாதியில அறுந்தா அவ்வளவுதான்!

அப்பா கையில காசு ஒரு கேசட்டுக்குத்தான் இருந்துச்சு. கேசட்டோ ரெண்டு பேருக்கும் பொது. ஒப்பந்தம் போட்டாங்க. ஏ சைடு ராஜா, தாத்தாவுக்கு. பி சைடு ரஹ்மான், அப்பாவுக்கு. ‘மிஷினு வாசிக்குது, மனுஷன் எங்கடா வாசிக்கிறான்?’னு தாத்தா திட்டுவாராம். அவர் திட்டின அந்த ரஹ்மானே ஒரு காலத்துல ராஜா குழுவுல கீபோர்டு வாசிச்சவர்ங்கிறது ரெண்டு பேருக்கும் அப்ப தெரியாது.

ஆனா ஒண்ணு. ஏ சைடு ஓடி முடிஞ்சாதான் பி சைடு. அதனால தாத்தாவுக்கு ரஹ்மான் பாட்டு மனப்பாடம். அப்பாவுக்கு ராஜா பாட்டு மனப்பாடம். பிடிக்காத கட்சியோட தேர்தல் அறிக்கையைக்கூட முழுசா படிச்சவங்க அவங்க!

ஜீப் சட்டம்

அப்பா ஜீப்புல பன்னிரண்டு பெண்கள். அறுபது தாண்டின பாட்டியிலிருந்து, ப்ளஸ் டூ முடிச்சுட்டு காலேஜ் ஃபீஸுக்குக் காசு சேர்க்குற பொண்ணு வரைக்கும். ஒன்றரை மணி நேரம் ஏத்தம், ஒன்றரை மணி நேரம் இறக்கம். முதல்ல கேசட்டு ஓடுச்சு, அப்புறம் சி.டி., இப்ப பென் டிரைவ். நடுநடுவுல நம்ம கோடை பண்பலை, 100.5. வளைவுக்கு வளைவு கரகரக்கும். மெட்டு தாண்டினா மலையாளம் எட்டிப் பார்க்கும்.

ஒரே ஸ்பீக்கர், பதிமூணு காது... ஸாரி, பதிமூணு ஜோடி காது. சண்டை வராம இருக்குமா? வந்துச்சு. வந்து வந்து, பல வருஷத்துல ஒரு சட்டமே உருவாகிடுச்சு. எழுதி வைக்காத சட்டம். ஆனா அதை மீறினா அப்பாவையே இறக்கி விட்டுருவாங்க!

சட்டம் ஒண்ணு: காலையில முதல் பாட்டு அம்மன் பாட்டு. அதுவும் எல்.ஆர்.ஈஸ்வரி. அதுல பேரம் கிடையாது.

சட்டம் ரெண்டு: ஏறும்போது சோகப் பாட்டு கூடாது. ‘வேலைக்குப் போறப்பவே ஒப்பாரியா?’ இறங்கும்போது போடலாம். உடம்பு வலிக்கு அது இதமா இருக்குமாம்.

சட்டம் மூணு: சாதிப் பெருமைப் பாட்டு வண்டிக்குள்ள ஏறக்கூடாது. இதை அப்பா போட்டார். எங்க பக்கம் திருவிழா மைக் செட்டுல என்ன பாட்டு ஓடுதுன்னு கேட்டே அது எந்தத் தெருன்னு சொல்லிடலாம். ஒரு பாட்டைச் சத்தமா வச்சதுக்காகக் கைகலப்பு நடந்த கதையெல்லாம் உண்டு. ஆனா ஜீப்புல மூணு தெருப் பெண்கள் முட்டிக்கு முட்டி இடிச்சுக்கிட்டு உட்கார்ந்து போறாங்க. ‘வளைவுல ஒருத்தர் மேல ஒருத்தர் சாயணும். அப்ப தெருப் பேரைக் கேட்டுட்டா சாய்வீங்க?’ – இது அப்பாவோட லாஜிக்.

சட்டம் நாலு: இதுதான் முக்கியம். புதுப் பாட்டு யார் கொண்டு வந்தாலும் ஒரு தடவை முழுசா ஓட விடணும். பாதியில நிறுத்தக்கூடாது. முடிஞ்சதும் கை தூக்கி ஓட்டு. ஜெயிச்சா பென் டிரைவ்ல இடம்.

இப்படித்தான் இருபது வருஷத்துல அந்த ஜீப்போட ரசனை மாறுச்சு. தேவா உள்ளே வந்தார். வித்யாசாகர் வந்தார். யுவன் முதல் தடவை தோத்து, ரெண்டாவது தடவை ஜெயிச்சார். எந்தப் பாட்டை யார் கொண்டு வந்தா, யார் எதிர்த்தா, எந்த வளைவுல சமாதானம் ஆனாங்கனு இன்னிக்கும் ஜீப்புல எல்லாருக்கும் தெரியும்.

காதுக்குள்ள ஒரு கட்சி

என் கதைக்கு வர்றேன். ஹிப்ஹாப் தமிழா காலம் வரைக்கும் நானும் ஊரோட சேர்ந்துதான் கத்தினேன். 2017 ஜனவரியில மெரினாவுல ஜல்லிக்கட்டுப் போராட்டம். எங்க பக்கம் அய்யம்பட்டி, பல்லவராயன்பட்டினு ஜல்லிக்கட்டுக்குப் பேர்போன ஊர்கள் இருக்கு. கேட்கணுமா? ஆதியோட ‘டக்கரு டக்கரு’ ஓடாத தெருவே இல்லை. பன்னிரண்டு வயசுல எனக்கு ஆதி – ஜீவா தவிர உலகத்துல வேற மியூசிக்கே கிடையாது.

2020 ஊரடங்கு. ஆன்லைன் கிளாஸுக்குனு அப்பா ஒரு போன் வாங்கிக் குடுத்தார். கூடவே ஒரு ஹெட்போன். அன்னியிலிருந்து என் கட்சி மாற்றமெல்லாம் காதுக்குள்ளயே நடந்துச்சு.

முதல்ல வந்தது தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ். 2017-ல் இயக்குநர் பா.இரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கினது. 2018 ஜனவரியில சென்னையில முதல் கச்சேரி. கானா, பறை, ராப், ராக் எல்லாம் ஒரே மேடையில. அயோத்திதாசப் பண்டிதர் சொன்ன ‘சாதியற்ற தமிழர்’ங்கிற எண்ணத்துலேருந்து எடுத்த பேரு. அதுல பாடின அறிவு, 2021 மார்ச்ல தீயோட சேர்ந்து ‘எஞ்சாயி எஞ்சாமி’ குடுத்தார். சந்தோஷ் நாராயணன் மியூசிக். மொட்டை மாடியில படுத்துக்கிட்டு அதை எத்தனை நூறு தடவை கேட்டிருப்பேன்னு எனக்கே தெரியாது.

அடுத்தது தைக்குடம் பிரிட்ஜ். 2013-ல் கப்பா டி.வி. மூலமா கேரளாவைக் கலக்கின பேண்ட். குமுளி பக்கத்துல பிறந்தவனுக்கு மலையாளம் தனியா கத்துக்கணுமா என்ன? அப்புறம் ஹாஸ்டல். சீனியர் ரூம்ல லிங்கின் பார்க். நான் பிறக்குறதுக்கு அஞ்சு வருஷம் முன்னாடி, 2000-ல் வந்த ‘ஹைப்ரிட் தியரி’யைக் கேட்டு நான் அழுதேன்! பாடகர் செஸ்டர் பென்னிங்டன் 2017-ல் இறந்துட்டார். 2024-ல் எமிலி ஆம்ஸ்ட்ராங்னு ஒரு பொண்ணைப் பாட வச்சு அந்த பேண்ட் திரும்பி வந்தப்ப, எங்க ஹாஸ்டல்ல ரெண்டு கோஷ்டி. ‘செஸ்டர் இல்லாம அது லிங்கின் பார்க்கே இல்லை’னு ஒரு குரூப். ‘பேண்டுன்னா ஒரு ஆளாடா?’னு இன்னொரு குரூப். மெஸ்ல சாம்பார் ஆறிப்போற வரைக்கும் அடிச்சுக்கிட்டோம். நாலு வருஷத்துல பாட்டைப் பத்தி நான் வாய் திறந்து பேசினது அன்னிக்குத்தான்.

நல்லா யோசிச்சுப் பாருங்க. எங்க அப்பாவுக்கு அவர் அப்பாவோட டாப் டென் பாட்டு வரிசையா தெரியும். தாத்தாவுக்கும் அப்பாவோட பாட்டு தெரியும். ஆனா, என்னை நாலு வருஷம் தூங்க விடாம பண்ணின பேண்டுங்க பேருல ஒண்ணுகூட அப்பாவுக்குத் தெரியாது. ஒரே வீடு. ஒரே சாப்பாடு. காது மட்டும் வேற வேற.

ராஜா எத்தனை பேண்ட்?

என்னை ராஜாகிட்ட திருப்பிக் கூட்டிட்டு வந்தது ஒரு கேரளாக்காரர்ங்கிறதுதான் காமெடி! தைக்குடம் பிரிட்ஜ்ல வயலின் வாசிச்சுக்கிட்டுப் பாடுவாரே, கோவிந்த் வசந்தா... அவர்தான் 2018-ல் வந்த ‘96’ படத்துக்கு மியூசிக். படத்துல ஜானகிங்கிற ஜானு, ஸ்கூல் காலத்துலேருந்து பாடுறது எல்லாம் ராஜா பாட்டு. 1991-ல் வந்த ‘தளபதி’ பாட்டு அந்தப் படத்துல எந்த இடத்துல வருதுன்னு பார்த்தவங்களுக்குத் தெரியும். அப்பா ஜீப்புலேருந்து தப்பிச்சு மலை தாண்டி ஓடினவனை, மலைக்கு அந்தப் பக்கத்து ஆள் காதைப் பிடிச்சு இந்தப் பக்கம் தள்ளி விட்டார். 2024-ல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ வந்தப்ப இதே கதை ஊர் முழுக்க நடந்துச்சு. 1991-ல் வந்த ‘குணா’ பாட்டை, அந்த வருஷம் பிறக்காத பசங்க எல்லாம் ரிங்டோனா வச்சாங்க.

அப்புறம்தான் ராஜா கதையைத் தேடித் தேடிப் படிச்சேன். நாமளாவது கேட்குற பேண்டைத்தான் மாத்துறோம். அந்த மனுஷன் இருந்த பேண்டையே மாத்திக்கிட்டே வந்திருக்கார்! முதல்ல அண்ணனோட கட்சி மேடை. 1960-கள் கடைசியில மெட்ராஸ். அங்கே எஸ்.பி.பாலசுப்ரமணியத்தோட மெல்லிசைக் குழுவுல வாசிச்சாங்க மூணு சகோதரர்களும். தன்ராஜ் மாஸ்டர்கிட்ட மேற்கத்திய இசை. ஜி.கே.வெங்கடேஷுக்கு உதவியாளர். 1976-ல் தனியா சினிமா. 1986-ல் சினிமாவே இல்லாம ‘ஹவ் டு நேம் இட்’ ஆல்பம். அதே வருஷம் ‘புன்னகை மன்னன்’ல கம்ப்யூட்டர் மியூசிக். 2025 மார்ச் 8-ம் தேதி, 81 வயசுல, லண்டன் மேடையில ஆர்கெஸ்ட்ரா வாசிக்க, ‘வேலியன்ட்’ சிம்பொனி!

ஆர்மோனியத்துலேருந்து சிம்பொனி வரைக்கும் மாறினவரோட ரசிகன்கிட்ட வந்து, ‘ஏன்டா நீ மாறினே?’னு கேட்டா எப்படி? ஆனா ஒண்ணைக் கவனிச்சீங்களா? அவர் ஒவ்வொரு தடவை மாறும்போதும் கூட ஆள் இருந்திருக்கு. அண்ணன், தம்பி, எஸ்.பி.பி., மாஸ்டர், நூறு வாத்தியக்காரங்க. தனியா ரூமைச் சாத்திக்கிட்டு யாருக்கும் தெரியாம மாறலை.

என் பாட்டுக்கு நடந்த ஓட்டெடுப்பு

போன செமஸ்டர் லீவுல அஞ்சு நாள் அப்பாவோட ஜீப்புல போனேன். ரெண்டாம் நாள், அம்மன் பாட்டு முடிஞ்சதும் பின்னாடியிலிருந்து ஒரு அக்கா, ‘தம்பி காதுல எந்நேரமும் மாட்டிக்கிட்டே திரியுதே... அதுல அப்படி என்னதான் ஓடுது? எங்களுக்கும் போடச் சொல்லுங்கண்ணே’னு ஆரம்பிச்சு வச்சாங்க. அப்பா என்னைப் பார்த்தார். சட்டம் நாலு அமலுக்கு வந்துச்சு.

முதல் பாட்டு, லிங்கின் பார்க். செஸ்டர் உச்சத்துல கத்தும்போது அஞ்சாவது வளைவு. ‘யாருய்யா இந்தப் புள்ள? வயித்து வலியா?’னு ஒரு குரல். ‘கத்தட்டும் விடு, என்ன கஷ்டமோ’னு இன்னொரு குரல். முழுசா கேட்டாங்க. ஒருத்தர்கூட நிறுத்தச் சொல்லலை. ஓட்டு? ஆதரவு ஒண்ணு, எதிர்ப்பு பதினொண்ணு. அந்த ஒண்ணு, ப்ளஸ் டூ முடிச்ச பொண்ணு!

அடுத்து தைக்குடம் பிரிட்ஜோட ‘ஃபிஷ் ராக்’. மீன் பேரா அடுக்கி ராக் பாடுற பாட்டு. பூப்பாறைச் சந்தையில மீன் வாங்கிப் பழகினவங்களுக்கு மலையாள மீன் பேரு தெரியாதா? வண்டியே சிரிப்புல குலுங்குச்சு. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு!

மூணாவது, தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ். பறை அடி விழுந்ததுமே கால் எல்லாம் தாளம் போட ஆரம்பிச்சிருச்சு. ‘இவய்ங்க பேரு என்ன தம்பி?’னு கேட்டாங்க. ‘சாதியில்லாத கூட்டம்னு அர்த்தம் அக்கா’ன்னேன். ‘அட, அப்ப நம்ம ஜீப்பு சட்டம்தான!’னு ஒரு அக்கா சொல்ல, அப்பா கண்ணாடியில பின்னாடி பார்த்துச் சிரிச்சார். ஒன்பது ஓட்டு.

கடைசியா ‘எஞ்சாயி எஞ்சாமி’. ‘இது தெரியுமே, கல்யாண வீட்டுல டான்ஸுக்குப் போடுவாய்ங்க’னு எல்லாரும் சொன்னாங்க. நான் அந்தப் பாட்டோட கதையைச் சொன்னேன். அறிவோட பாட்டி பேரு வள்ளியம்மாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துல வேலை பார்த்துட்டு, அங்கேயிருந்து திரும்பி வந்தவங்க. அவங்களை நினைச்சு எழுதின பாட்டு அது. சொல்லிட்டுப் போட்டேன். இந்தத் தடவை யாரும் தாளம் போடலை. ஜன்னல் ஓரத்துல இருந்த வயசான பாட்டி, பாட்டு முடிஞ்சதும் ‘மறுக்காப் போடு’ன்னாங்க. போட்டேன். ‘எங்க ஆத்தாவும் தேயிலைக் காட்டுலதான் செத்துச்சு. அதுக்கு ஒரு பாட்டும் இல்ல’ன்னாங்க. அவ்வளவுதான் சொன்னாங்க.

2021 ஆகஸ்ட்ல நடந்ததையும் சொன்னேன். ரோலிங் ஸ்டோன் இந்தியா பத்திரிகை, இந்தப் பாட்டைக் கொண்டாடி அட்டைப்படம் போட்டப்ப, எழுதின அறிவு படம் அதுல இல்லை. பெரிய எதிர்ப்பு கிளம்பி, அப்புறம் அவருக்குத் தனியா டிஜிட்டல் அட்டைப்படம் வந்துச்சு. பாட்டி ஆச்சரியமே படலை. ‘காய் எடுக்குறது ஒருத்தி, ஏலம் போட்டு வாங்குறது இன்னொருத்தன். பெட்டி மேல எவ பேரைப் போட்டாய்ங்க?’ன்னாங்க. ஏலக்காய்க்கு ஏலம் நடக்குற ஊர்ல பிறந்து வளர்ந்த எனக்கு, மொட்டை மாடியில நூறு தடவை கேட்டும் தோணாத ஒரு வரி அது. பாட்டு அதேதான், பீட் அதேதான். ஆனா அன்னிக்குத்தான் அது எனக்கு முழுசா கேட்டுச்சு.

அறுபது வருஷத்துக்கு முன்னாடி ஒரு குழு ஆர்மோனியத்தோட மலைக்குப் போய்த் தோட்டத்து ஜனங்க முன்னாடி பாடினப்ப, இதேமாதிரிதான் யாராச்சும் ‘மறுக்காப் பாடு’னு சொல்லியிருப்பாங்கன்னு தோணுச்சு.

இப்ப அப்பா பென் டிரைவ்ல ‘தம்பி’னு ஒரு ஃபோல்டர் இருக்கு. உள்ளே எட்டு பாட்டு. எட்டும் ஓட்டு வாங்கி ஜெயிச்சது. லிங்கின் பார்க் அதுல இல்லை. ஆனா நான் விடுறதா இல்லை. யுவனே ரெண்டாவது தடவைதானே ஜெயிச்சார்? அடுத்த லீவுக்குக் கத்தல் கம்மியா இருக்குற ஒரு பாட்டை இப்பவே தேடி வச்சிருக்கேன். அந்த ப்ளஸ் டூ பொண்ணு இப்ப காலேஜ் சேர்ந்திருச்சு, அதனால ஒரு ஓட்டு குறையும். பிரசாரத்தைப் பலமா ஆரம்பிக்கணும்!

மக்களே, பிடிச்ச பேண்ட் மாறும். மாறட்டும். தாத்தாவுக்கு மாறுச்சு, அப்பாவுக்கு மாறுச்சு, ராஜாவுக்கே மாறுச்சு. ஆனா அவங்க மாறினதுக்கெல்லாம் சாட்சி இருக்கு. யாரோ ஒருத்தர் எதிர்த்துப் பேசினாங்க, யாரோ ஒருத்தர் முழுசா கேட்டாங்க. ஆப்ல ‘ஸ்கிப்’ அழுத்தி மாறினதுக்கு யார் சாட்சி?

இப்ப உங்க போனை எடுங்க. லிஸ்ட்டைத் திறங்க. அதுல யாரோடவாவது சண்டை போட்டு ஜெயிச்ச பாட்டு எத்தனை இருக்கு? எண்ணிப் பார்த்துட்டு, ஒரே ஒரு பாட்டை எடுத்துக்கிட்டு அப்பாகிட்டயோ, அப்பத்தாகிட்டயோ, பஸ்ல பக்கத்து சீட் நண்பன்கிட்டயோ போங்க. ஹெட்போனைக் கழட்டிட்டு ஸ்பீக்கர்ல போடுங்க. ஒரே ஒரு கண்டிஷன்: முழுசா ஓடட்டும். தோத்தா என்ன, அடுத்த வளைவு இருக்கு!